மலை திறக்கக் காத்திருந்த ஒன்பது நாட்கள்

முதல் நாள் – டென்வரிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு

அக்டோபர் மாதத்தின் பாதி கழிந்துவிட்டது. டென்வரில் இன்னும் பகலில் இருபது டிகிரி வெயில் அடிக்கிறது. தங்கை வீட்டு வாசலில் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறி, ஜார்ஜ்டவுன் என்னும் பழைய வெள்ளிச் சுரங்க ஊரில் அறை எடுத்து, பெட்டியை வைத்த கையோடு இன்னும் இருபது கிலோமீட்டர் மேலே போனேன். ஆஸ்பென் மரங்கள் இலையுதிர்த்து நின்றன. மலைகள் பழுப்பாக இருந்தன. ஐசனோவர் சுரங்கப்பாதையின் கிழக்கு வாயை நெருங்கும்போது, அந்தப் பழுப்புக்கு நடுவில், யாரோ சுண்ணாம்பை அள்ளிக் கோடு இழுத்ததுபோல், மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. அதுதான் லவ்லேண்ட் பனிச்சறுக்குத் தலத்தின் முதல் தடம். வானத்திலிருந்து விழாத பனி.

முப்பது ஆண்டுகள் குளிர்பதனத் துறையில் வேலை பார்த்தவன் நான். நான்கு சுவருக்குள் குளிரைத் தேக்கி வைப்பதற்கே என்ன பாடுபட வேண்டும் என்று அறிந்தவனுக்கு, கூரையும் சுவரும் இல்லாத மலைச்சரிவில், வானம் தருகிற குளிரை மட்டும் நம்பி ஏக்கர் கணக்கில் பனி செய்கிறார்கள் என்பது நெடுநாளாக மனத்தில் தங்கியிருந்த வியப்பு. பணி ஓய்வுக்குப் பிறகு தங்கையைப் பார்க்க வந்த இந்த முறை, அந்தப் பனியை மட்டுமல்லாமல், “இன்று திறக்கலாம்” என்று ஒருவர் சொல்லும் அந்த முடிவு எப்படி உருவாகிறது என்பதையும் அருகிலிருந்து பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். கொலராடோவின் இந்த மூலையில் லவ்லேண்ட், அரப்பஹோ பேசின், கீஸ்டோன் என்று மூன்று தலங்கள் அரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் முதலில் திறக்கும் தலம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகவே இருக்கும்.

3,290 மீட்டர் உயரத்தில் வண்டியை விட்டு இறங்கிச் சற்று வேகமாக நடந்ததும் மூச்சு வாங்கியது. இன்று இது போதும்.

இரண்டாம் நாள் – லவ்லேண்ட்

காலை பத்து மணிக்குப் போனபோது பீரங்கிகள் எல்லாம் ஓய்ந்திருந்தன. ஸ்னோ கன் என்று இங்கே எல்லோரும் சொல்வதை நான் பனிப்பீரங்கி என்றே எழுதுகிறேன். அதில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்று, உயரமான கம்பத்தின் நுனியில் நீரையும் அழுத்தப்பட்ட காற்றையும் ஒன்றாகப் பீய்ச்சுவது; இன்னொன்று, பீப்பாய் போன்ற கூட்டுக்குள் பெரிய விசிறி சுழல, அதன் வாயைச் சுற்றிலும் உள்ள நுண்துளைகள் வழியே நீர்த்துளியை வீசுவது. முதல் வகைக்குக் கம்ப்ரஸர் நிலையத்திலிருந்து காற்றுக்குழாய் வர வேண்டும். காற்றை அழுத்துவதற்கு ஆகும் மின்செலவு சாதாரணமானதன்று. இரண்டாவது வகை தன் காற்றைத் தானே வீசிக்கொள்ளும்.

பனி செய்வதற்கு வெப்பமானி சுழியத்துக்குக் கீழே போக வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் பார்ப்பது ஈரக்குமிழ் வெப்பநிலையை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை. நம் வீட்டு மண்பானையில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது: பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பீரங்கியிலிருந்து கிளம்பும் துளி காற்றில் பறக்கும் சில நொடிகளில் அதன் மேற்பரப்பிலிருந்து ஒரு சிறு பங்கு ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஏழு கிராம் நீரை உறைய வைக்கப் போதுமானது. ஆகவே காற்று வறண்டிருந்தால் ஆவியாதல் மிகும், துளி உறையும். காற்று ஈரமாக இருந்தால் சுழியத்துக்குச் சற்றுக் கீழே போனாலும் துளி துளியாகவே தரையில் விழும்.

அறைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றழுத்தம் குறைந்த இந்த உயரத்தில், வெப்பநிலை பிளஸ் 2 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், ஈரக்குமிழ் அளவு மைனஸ் 4-க்கும் கீழே போகிறது. அந்த இரவில் பனி செய்யலாம். மைனஸ் 1 டிகிரி குளிர், 95 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரக்குமிழ் மைனஸ் ஒன்றரையைக்கூடத் தொடாது. அந்த இரவில் வால்வைத் திறக்காமல் இருப்பதே நல்லது. மைனஸ் இரண்டு, இரண்டரைக்குக் கீழே ஈரக்குமிழ் இறங்குவதுதான் தொடக்கக் கோடு. கொலராடோவின் இந்தத் தலங்கள் மற்ற மாநிலங்களை முந்துவதற்கு உயரம் ஒரு காரணம் என்றால், வறண்ட காற்று அதற்குச் சமமான இன்னொரு காரணம்.

மூன்றாம் நாள் – அரப்பஹோ பேசின், இரவு

லவ்லேண்ட் கணவாய் வழியாக மலைமுதுகைக் கடந்து மறுபுறம் இறங்கினேன். 3,655 மீட்டர் உயரக் கணவாய். சுரங்கப்பாதைக்குள் அனுமதியில்லாத எரிபொருள் லாரிகள் இந்தக் கொண்டையூசி வளைவுகளில் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தன. இறங்கியவுடன் சாலையோரத்திலேயே அரப்பஹோ பேசின். உள்ளூரார் ஏ-பேசின் என்று சுருக்கிவிடுகிறார்கள். 1946-இல், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய பத்தாவது மலைப்படைப் பிரிவு வீரரான லாரி ஜம்ப்பும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய தலம் இது. அடிவாரமே 3,286 மீட்டர்.

பருவத்தின் தொடக்கத்தில் இங்கே ‘ஹை நூன்’ என்ற ஒரே தடத்தைத்தான் முதலில் திறப்பார்கள். நடுமலையிலிருந்து அடிவாரம் வரை வரும், நடுத்தரத் தேர்ச்சி உள்ளவர்களுக்கான தடம். அதன் கால்மாட்டில் வாகன நிறுத்தம் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு அங்கே நின்றபோது, காட்டாறு பாய்வதைப் போன்ற இரைச்சல் மலையை நிறைத்திருந்தது. விளக்கொளியில் ஒவ்வொரு பீரங்கியின் வாயிலிருந்தும் வெண்புகை எழுந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

தடத்தின் எல்லைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், இரவுப்பணிக் குழுவில் இருந்த ஒரு பெண்மணி, வழி தவறி வந்தவனோ என்று விசாரிக்க வந்தார். நான் என் தொழிலைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. இருபது பருவங்களாக இந்த வேலை செய்கிறவர். குழாயின் அழுத்தம், நீரின் வெப்பநிலை எல்லாம் திரையில் தெரிந்தாலும், கடைசித் தீர்ப்பைத் தன் சட்டைக் கையிடம்தான் கேட்பதாகச் சொன்னார். காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது, முழங்கையை மடக்கி நீட்டச் சொன்னார். நெற்றிவிளக்கைச் சாய்த்து என் கோட்டுக் கையைக் காட்டினார்.

ரவைபோலச் சிறு மணிகள் வந்து விழுந்தன. சில துணியில் பட்டவுடன் துள்ளி உருண்டு ஓடின. சில பட்ட இடத்திலேயே ஒட்டி, பிறகு மெல்லக் கரும்புள்ளியாக ஊறின. எல்லாமே துள்ளி ஓடினால் பனி மிகவும் வறண்டது, காற்றோடு காட்டுக்குள் போய்விடும், இன்னும் நீர் தரலாம். எல்லாமே ஊறினால் நீர் அதிகம், தரையில் பனிக்குப் பதில் பனிக்கட்டிப் பாளம் உருவாகும். பாதி துள்ளி, பாதி ஒட்ட வேண்டும். இப்படிச் சொல்லிவிட்டு, கையுறையால் ஒரு பிடி அள்ளி அழுத்திக் காட்டினார். உருண்டை உடையவில்லை, விரலிடுக்கில் நீரும் வழியவில்லை. அவர் நடந்து போய், பீரங்கிக்கு நீர் தரும் ஹைட்ரண்ட் என்னும் குழாய்வாயின் கைப்பிடியை மிகச் சிறிதளவு திருப்பினார். இரைச்சலின் சுருதி சற்றே இறங்கியது. எத்தனையோ அழுத்தமானிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்தச் சிறு திருப்பலில் இருந்த நிச்சயம் மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

குழுவினர் பன்னிரண்டு மணி நேர முறையில் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு பீரங்கியாக ஏறி இறங்கிப் பார்ப்பது, காற்று திசை மாறினால் வாயைத் திருப்புவது, ஹோஸ் உறைந்துவிடாமல் நீரை வடிப்பது, நாஸில் என்னும் பீய்ச்சுமுனையில் கட்டிய பனியைத் தட்டுவது என்று இரவு முழுவதும் நடைதான். அவருடைய கோட்டின் முதுகில் பனி ஓடுபோல இறுகியிருந்தது. குனிந்தபோது அது முறியும் ஓசை எனக்குக் கேட்டது.

தூய நீர்த்துளி சுழியத்தில் உடனே உறைந்துவிடாது, கருவாக ஒன்று வேண்டும் என்பதையும் அவரிடம் பேசினேன். சில தலங்கள் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்னும் பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் புரதத்தை நீரில் கலக்கின்றன. பயிரில் உறைபனிச் சேதம் உண்டாக்கும் அதே உயிரி, கிருமிநீக்கம் செய்யப்பட்டு இங்கே பனிக்கு விதையாகிறது. பீரங்கிகளும் முதலில் காற்றோடு சேர்த்து மிகச்சிறு பனித்துகளை உண்டாக்கி, அவற்றைப் பெருந்துளிகளோடு மோதவிட்டு அதே வேலையைச் செய்கின்றன.

நான்காம் நாள் – டில்லன்

பகல் வெப்பநிலை பன்னிரண்டு டிகிரி. இரவிலும் ஈரக்குமிழ் இறங்காது என்று முன்னறிவிப்பு சொன்னதால் மலையில் வேலையில்லை. டில்லன் நீர்த்தேக்கக் கரையில் உட்கார்ந்து, இந்தத் தொழிலின் நீர்க்கணக்கை எழுதினேன்.

லவ்லேண்டும் ஏ-பேசினும் திறப்பதற்கு வைத்திருக்கும் அளவு, தடம் முழுக்க 18 அங்குல அடிப்பனி. அதாவது சுமார் 45 சென்டிமீட்டர். தடத்தின் நீளம் 1.6 கிலோமீட்டர், சராசரி அகலம் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 45 சென்டிமீட்டர் கனத்துக்கு 21,600 கன மீட்டர் பனி வேண்டும். இயந்திரப்பனி இயற்கைப்பனியைப்போல் பஞ்சாக இராது. அதன் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியில் பாதி இருக்கும். ஆகவே ஒரு கோடி லிட்டருக்குச் சற்று மேலான நீர் தேவை. ஈரக்குமிழ் விளிம்பில் நிற்கும் இரவில் ஒரு பீரங்கி நொடிக்கு இரண்டு லிட்டரைத்தான் பனியாக்கும் என்றால், பத்துப் பீரங்கிகள் பன்னிரண்டு மணி நேரம் ஓடினாலும் எட்டரை லட்சம் லிட்டர்தான். பன்னிரண்டரை இரவுகள் வேண்டும். நல்ல குளிர் வந்து நொடிக்கு ஐந்து லிட்டர் விடலாம் என்றால் அதே வேலை ஐந்தே இரவில் முடிந்துவிடும். திறக்கும் நாள் ஏன் முன்கூட்டியே நாட்காட்டியில் எழுதப்படுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நீர் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. ஏ-பேசின் ஸ்நேக் ஆற்றின் வடகிளையிலிருந்து எடுக்கிறது; லவ்லேண்டின் ஓடைகள் கிளியர் கிரீக்கைச் சேர்ந்தவை. நேற்று நான் கடந்த கணவாய் கண்டத்தின் நீர்ப்பிரிமேடு. ஆகவே லவ்லேண்டில் உருகும் பனி சவுத் பிளாட் ஆறு, மிசூரி, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவை நோக்கிப் போகிறது. சில கிலோமீட்டர் தள்ளி ஏ-பேசினில் உருகுவது, இந்த டில்லன் நீர்த்தேக்கம் வழியாகக் கொலராடோ ஆற்றைச் சேர்ந்து மேற்கே போக வேண்டியது. அதிலும் ஒரு பகுதியை, 1962-இல் முடிக்கப்பட்ட ராபர்ட்ஸ் சுரங்கக்கால்வாய் மலைக்கடியில் சுமார் 37 கிலோமீட்டர் கடத்தி, கிழக்கே டென்வரின் குழாய்களுக்குக் கொண்டுபோய்விடுகிறது.

கொலராடோ நீர்ச்சட்டத்தில் முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை. அதற்கு மேல், ஓடையில் உயிர்கள் வாழக் குறைந்தபட்ச ஓட்டத்தை விட்டுவைக்கும் உரிமையையும் 1973 முதல் மாநிலம் பதிவு செய்துவருகிறது. பனிக்கு நீர் வேண்டிய அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் மலையோடைகள் மிக மெலிந்து ஓடுகின்றன. ஸ்நேக் ஆற்றுக்கு இன்னொரு துயரமும் உண்டு: பென்சில்வேனியா சுரங்கம் என்னும் கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தின் அமிலநீர் பெரு கிரீக் என்னும் ஓடை வழியாக அதில் கலக்கிறது. தெளிந்த வடகிளை சேர்ந்தால்தான் அந்த உலோகச்சுமை நீர்த்துப்போகும். செய்த பனியின் பெரும்பகுதி வசந்தத்தில் உருகி ஓடைக்கே திரும்பிவிடுகிறது என்று தொழில்துறையினர் சொல்வது உண்மைதான். ஆனால் மே மாதத்தில் திருப்பிக் கொடுப்பது அக்டோபரில் எடுத்ததற்கு முழு ஈடாகிவிடாது. ஓடையில் வாழும் மீனுக்கு அக்டோபரிலும் நீர் வேண்டும். இதை மறுத்துப் பேசுவதைவிட, இத்தனை லிட்டருக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று அளந்து நிற்பதே நேர்மையான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐந்தாம் நாள்

நாள் முழுக்கப் பலத்த காற்று. குளிர் இருந்தும் பீரங்கிகள் ஓடவில்லை. வீசும் பனியெல்லாம் மரங்களுக்குத்தான் போகும்.

அறையில் முடங்கியிருந்தபோது, இந்தத் தொழில் பிறந்த கதை நினைவுக்கு வந்தது. 1949-50 குளிர்காலத்தில் கனெக்டிகட் மாநிலத்தில் பனியே விழவில்லை. மோஹாக் மலைத் தலத்தை நடத்திவந்த வால்ட் ஷோனெக்ட், ஐஸ் கட்டிகளை லாரியில் கொண்டுவந்து உடைத்துச் சரிவில் பரப்பிப் பார்த்தார். அதே பனியில்லாக் குளிர்காலத்தில் விற்பனை படுத்துப்போன டே என்னும் ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) தயாரிப்பு நிறுவனத்தின் வெயின் பியர்ஸ், ஆர்ட் ஹண்ட், டேவ் ரிச்சி மூவரும், பெயின்ட் அடிக்கும் கம்ப்ரஸரையும் ஒரு நாஸிலையும் தோட்டத்து ரப்பர் குழாயையும் இணைத்து, 1950-இல் முதல் பனிப்பீரங்கியை இயக்கினார்கள். 1954-இல் காப்புரிமை கிடைத்தது. பட்டறைச் சாமான்களைக் கொண்டு எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவர்கள் கண்டதன் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. மாறியதெல்லாம் நாஸிலின் நுட்பமும், ஒரு நிமிடம்கூடக் குளிரை வீணாக்காத தானியங்கி வால்வுகளும்தான். கீஸ்டோன் 2019-இல் அத்தகைய தானியங்கி அமைப்பை நிறுவி, அந்த ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதியே திறந்தது. ஏ-பேசின் அதற்கு ஒரு நாள் முந்தியது.

ஆறாம் நாள் – பனி விழுந்தது

விடியும்போது ஊரெங்கும் வெள்ளை. ஆனால் இன்று காலைப் பொழுது எனக்கு டயர் கடையில் கழிந்தது. செப்டம்பர் முதல் மே வரை ஐ-70-இன் இந்த மலைப்பகுதியில், போதிய தடிப்புள்ள குளிர்கால டயர், நாற்சக்கர இயக்கம், சங்கிலி ஆகியவற்றில் ஒன்றுகூட இல்லாமல் வண்டி ஓட்டக் கூடாது என்பது சட்டம். குளிர்கால டயர் போட்ட வண்டிதான் என்று உறுதி சொல்லிக் கொடுத்த வாடகை நிறுவனத்தின் வண்டியில் டயர்கள் அளவுக்கு மேல் தேய்ந்திருந்ததைக் கடைக்காரர் அளந்து காட்டினார். சறுக்கும் சாலையில் இது உயிர் சம்பந்தப்பட்ட காரியம். அவர்கள் இதைப் பார்க்காமல் விட்டது மிகவும் வருத்தமாக இருந்தது. சங்கிலி வாங்கிப் போட்டுக்கொண்டு மதியத்துக்கு மேல் ஏ-பேசினுக்கு மலையேறினேன்.

பதினைந்து சென்டிமீட்டர் புதுப்பனி. இனி நாளையே திறந்துவிடுவார்கள் என்று உணவகத்தில் பலரும் பேசிக்கொண்டார்கள். மலையில் அந்த உற்சாகம் இல்லை. புதிதாக விழுந்த பனியின் கனத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நீர்; மீதியெல்லாம் காற்று. சமன்செய்யும் வண்டி அதன்மேல் ஒருமுறை ஏறி இறங்கினால் பதினைந்து சென்டிமீட்டர் சில சென்டிமீட்டராகப் படிந்துவிடும். தென் கொலராடோவின் உல்ஃப் கிரீக் போன்ற தலங்கள் இயற்கைப்பனியை மட்டுமே கொண்டு திறப்பதுண்டு. 2021-இல் அது அக்டோபர் 16-ஆம் தேதி அப்படித்தான் திறந்தது. அதற்குப் பெரும்புயல் வேண்டும்.

பனி செய்யும் குழுவினர் காத்திருந்தது புயலுக்குப் பின்னால் வரும் குளிர்ந்த, வறண்ட காற்றுக்கு. மாலை நான்கு மணிக்கு மேகம் கலைந்தது. ஆறு மணிக்கு மைனஸ் ஆறு, ஈரப்பதம் சரிந்துகொண்டிருந்தது. பீரங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமத் தொடங்கின. அன்றிரவு அவற்றின் சுருதி நான் முன்பு கேட்டதைவிடக் கனத்திருந்தது.

ஏழாம் நாள்

காலையில் தடத்தின் நடுவே ஆளுயரத்துக்கு மேல் குன்றுகள். திமிங்கிலம் என்று இவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நீண்டு முதுகு வளைந்து கிடப்பதைப் பார்த்தால் பொருத்தமாகவே இருக்கிறது. இவற்றை உடனே பரப்புவதில்லை. துளிகளுக்கிடையே உறையாமல் தங்கிய நீர் வடியும்வரை ஒரு நாளோ இரண்டு நாளோ அப்படியே விட்டுவிடுகிறார்கள். பச்சையாகத் தள்ளிப் பரப்பினால் அது இறுகிக் கண்ணாடியாகிவிடும். குவித்து வைப்பதில் இன்னொரு லாபம், வெயிலுக்குத் தெரியும் பரப்பு குறைகிறது. பின்லாந்தின் ரூக்கா, லெவி போன்ற தலங்கள் இதே நியாயத்தைப் பல மாதங்களுக்கு நீட்டி, சென்ற பருவத்துப் பனியைப் பெருங்குவியலாக்கி மூடிவைத்துக் கோடையைக் கடத்தி, புதுப் பருவத்தை அதைக்கொண்டே தொடங்குகின்றன.

எட்டாம் நாள் – திறக்கவில்லை

நாளை சனிக்கிழமை. டென்வரிலிருந்து மருமகன் காலையிலேயே தொலைபேசியில் அழைத்து, “மாமா, நாளைக்குத் திறந்துவிடுவார்களா?” என்று கேட்டான். பதினான்கு வயது; ஸ்கீயை இரண்டு முறை மெழுகு பூசித் துடைத்து வைத்திருக்கிறான். நானும் திறந்துவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

நண்பகலில் அந்த இரவுப்பணிப் பெண்மணியை உணவகத்தில் சந்தித்தேன். தடத்தின் பெரும்பகுதியில் 18 அங்குலம் ஏறிவிட்டது. ஆனால் நடுவே ஒரு கழுத்துப் பகுதியில், ஐந்தாம் நாள் காற்று அரித்துக்கொண்டு போனதால், அளவுகோல் எட்டு அங்குலத்தில் பாறையைத் தொட்டது. இரண்டு விளிம்புகளிலும் புல் தலைநீட்டியது. நாளை திறப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. சனிக்கிழமை திறந்தால் கூட்டம் வரும், பருவச்சீட்டு விற்பனைக்கும் பெயருக்கும் நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். முந்தும் போட்டியில் பக்கத்துத் தலம் என்ன செய்கிறது என்பதும் தெரியும்.

அவர் சொன்ன காரணங்கள் எனக்கு முழுவதும் ஏற்புடையவையாக இருந்தன. ஒரே தடம், மேலே ஏற்றிச் செல்லும் ஒரே நாற்காலி லிஃப்ட் என்றால் மலை முழுக்கப் பரவ வேண்டிய கூட்டம் முப்பது மீட்டர் அகலத்தில் இறங்குகிறது. மேலிருந்து எல்லோரும் ஒரே வழியாக வருவதால், ஒரு மெல்லிய இடம் தேய்ந்து பாறை தெரிந்தால் அங்கே ஒதுங்கிப்போக வழியில்லை. ஒதுங்குகிறவர் இன்னொருவர்மேல் மோதுகிறார். காலை பத்து மணிக்கு ஆயிரம் ஸ்கீக்களின் விளிம்பு சுரண்டிய பிறகும் அந்தக் கழுத்தில் பனி இருக்குமா என்பதுதான் கேள்வி. காலை எட்டரைக்கு இருந்தால் மட்டும் போதாது. இன்னொன்று, திறந்த மலையை மறுபடி மூடக் கூடாது என்பது அவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அடுத்த வாரம் வெயில் ஏறும் என்று முன்னறிவிப்பு இருந்தால், அந்த வெயில் தின்னப்போகும் பனியையும் இன்றே செய்து வைத்திருக்க வேண்டும். மேலும் லிஃப்ட்டின் கேபிள், பிரேக், நின்றுபோனால் மக்களைக் கயிற்றில் இறக்கும் ஒத்திகை, மீட்புக் குழுவின் கயிறுகளும் தடுப்பு மெத்தைகளும் எல்லாம் முடிந்தாக வேண்டும். இம்மாநிலத்தில் லிஃப்ட் பாதுகாப்புக்கென்று 1965 முதல் தனி வாரியமே இருக்கிறது.

ஏ-பேசின் திறந்த நாட்களைப் பார்த்தால் 2009-இல் அக்டோபர் 9, 2021-இல் அக்டோபர் 17, 2022-இல் 23, 2023-இல் 29. நான்கு தேதிகளை வைத்துக்கொண்டு பருவநிலையைப் பற்றி எதையும் நிறுவிவிட முடியாது. இயந்திரம் எவ்வளவு மேம்பட்டாலும் இரவின் குளிரை அது உண்டாக்குவதில்லை என்பதை மட்டும் அவை காட்டுகின்றன. இயந்திரத்தை நம்பி முடிவெடுக்காமல், குளிர்ந்த இரவுகளை எண்ணி முடிவெடுப்பவர்களை நான் இந்த வாரம் பார்த்தேன்.

இரவு அந்தக் கழுத்துப் பகுதிக்கு ஆறு பீரங்கிகளை இழுத்துப்போய் நிறுத்தியிருந்தார்கள். மைனஸ் ஒன்பது. மருமகனிடம் ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் வரச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் காலை – திறப்பு

சனிக்கிழமை முழுவதும் சமன்செய்யும் வண்டிகள் திமிங்கிலங்களைத் தள்ளிப் பரப்பின. மாலையில் அறிவிப்பு வந்தது. இரவே வாகன நிறுத்தத்தில் வேன்கள் வந்து நின்றுவிட்டன. முதல் நாற்காலியில் உட்கார்ந்து ஏறுவதைப் பெருமையாகக் கருதி, ஆண்டுதோறும் வண்டியிலேயே படுத்துறங்கிக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஞாயிறு விடியலுக்கு முன் தங்கையும் மருமகனும் வந்து சேர்ந்தார்கள். கிழக்கு வெளுக்கும்போது தடத்தைப் பார்த்தேன்: ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை, சீப்பால் வாரியதுபோல் நுண்கோடுகள் ஓடும் சமவெள்ளை. கழுத்துப் பகுதியிலும் புல் தெரியவில்லை. சுற்றிலும் மலை பழுப்பும் திட்டுத்திட்டான புதுப்பனியுமாகவே இருந்தது. லிஃப்ட் நகரத் தொடங்கியபோது எழுந்த ஆரவாரத்தில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மருமகன் மூன்றாம் முறை இறங்கி வந்தபோது, அந்தக் கழுத்தில் பனி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். குனிந்து தன் ஸ்கீயின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். ஒரு கீறலும் இல்லை.

மதியத்துக்கு மேல் கூட்டம் நெரிந்தது. அடிவாரத்தில் வரிசை வளைந்து வளைந்து நீண்டிருக்க, அதற்கு அப்பால், இன்னும் மூடியிருந்த பக்கத்துத் தடத்தின் அடியில், இரண்டு பேர் சறுக்குக்கட்டை பொருத்திய பீரங்கி ஒன்றை வண்டியில் கட்டி மேலே இழுத்துக்கொண்டு போனார்கள். பின்னால் தோளில் ஹோஸ் சுருளோடு அந்தப் பெண்மணி நடந்தார். ஹைட்ரண்ட் அருகே நின்று, சட்டைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்துப் பார்த்தார். இரண்டு டிகிரி, ஈரப்பதம் முப்பது. சூரியன் மலைமுதுகுக்குப் பின்னால் இறங்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவர் ஹோஸை மாட்டத் தொடங்கினார்.